ஹாரன் அத்தை குதிரை பார்த்த கதை

அந்த நாளில் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த ஆறேழு தெருக்களில் காலையில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று என்று வேன் ஹாரன் கேட்டால் மணி ஏழே கால். சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டு ஒருத்தி ஓடிவருவாள். ஒரு காலில் ஷூவும் ஒரு கையில் ஷூவுமாக ஒருவன் நொண்டியடித்து வருவான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பெண்மணி வாயைத் திறக்காமல் இன்னொரு முறை ஹாரனைத் தட்டுவாள். அவள் அதட்டல் அவ்வளவுதான்.

அவளுக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் இல்லை. ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருந்தது. ஆனால் பள்ளிக்கூட வேனை ஓட்ட ஆரம்பித்த முதல் வருஷமே பிள்ளைகள் ஹாரன் அத்தை என்று வைத்துவிட்டார்கள். அது பெற்றோருக்குப் பரவி, தபால்காரருக்குப் பரவி, கடைசியில் தம்பியின் வாய்க்கே வந்துவிட்டது. “அக்கா” என்று கூப்பிடுகிறவன், வெளியாட்களிடம் பேசும்போது, “ஹாரன் அத்தை உள்ளதான் இருக்காங்க, வாங்க” என்பான்.

அவள் வேனில் பதினாறு இருக்கை. பதினேழாவது பிள்ளையை யார் கெஞ்சினாலும் ஏற்றமாட்டாள். ஏறும்போது ஒருமுறை எண்ணுவாள், பாதிவழியில் கண்ணாடியில் ஒருமுறை, இறக்கிவிட்ட பிறகு காலி இருக்கைகளைத் தடவிப் பார்த்து ஒருமுறை. இது சும்மா வந்த பழக்கமில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு பிற்பகலில் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஷெட்டுக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். போய்ப் பார்த்தால், கடைசி இருக்கையில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகப்பையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இருபது நிமிஷம். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து தண்ணீர் கேட்டான். அவள்தான் அன்று முழுக்கக் காலி வண்டிக்குள் மறுபடி மறுபடி ஏறிப் பார்த்தாள். அதற்குப் பிறகு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட, இருக்கிற நாலு பேரை எண்ணாமல் சோற்றில் கை வைக்கமாட்டாள்.

அந்த நாலு பேரில் கடைசி ஆள் தம்பியின் மகள். ஐந்து வயது. வயதுக்கு மிகவும் சின்ன உருவம் என்பதால் எல்லோருக்கும் அவள் பொடிசு. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து வேனில் ஏறும்போது அழுவாள். சாதாரண அழுகையில்லை. தெருமுனை திரும்புகிறவரை ஒரே மூச்சு, பிறகு ஒரு இடைவெளி, பிறகு பள்ளி வாசல் வரை இன்னொரு மூச்சு. மற்ற பதினைந்து பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஓட்டுகிறவள் எப்படிக் காதைப் பொத்துவது?

நாற்பது நாள் பொறுத்தாள். நாற்பத்தொன்றாம் நாள் வண்டியை ஓரங்கட்டினாள். சாலைக்கு அந்தப் பக்கம் புல்வெளியில் ஒரு குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டாள்.

“ஏய் பொடிசு, முப்பது நாள் அழாம வா. உனக்கு ஒரு குதிரக்குட்டி வாங்கித் தரேன்.”

அழுகை நின்றது. பதினைந்து பிள்ளைகளும் காதிலிருந்து கையை எடுத்தார்கள்.

பொடிசு அன்றைக்கே வகுப்பிலிருந்து ஒரு சாக்குக்கட்டித் துண்டு கொண்டுவந்தாள். வேன் கதவின் உட்பக்கம், தன் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். மறுநாள் இன்னொன்று. சில நாள் உதடு பிதுங்கும், கண்ணில் நீர் நிற்கும், விழாது. அத்தை அதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். குழந்தைதானே, பத்து நாளில் மறந்துவிடும் என்று நினைத்தாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் எல்லோரும் இறங்கிய பிறகு பொடிசு இறங்கவில்லை.

“அத்தை, முப்பது.”

“என்ன முப்பது?”

“முப்பது கோடு. குதிர எங்க?”

அத்தை வந்து எண்ணிப் பார்த்தாள். எண்ணுவதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. முப்பதேதான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் விஷயம் வெளியே வந்தது. தம்பி தச்சு வேலைக்காரன். எதற்கும் முதலில் சிரித்துவிடுவான். அவன் மனைவி சிரிக்கவில்லை. அவள் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் அறையில் நர்ஸ். மரத்திலிருந்து விழுந்தது, சைக்கிளிலிருந்து விழுந்தது, மாடிப்படியில் உருண்டது என்று நாள்பூராவும் குழந்தைகளின் கையையும் காலையும் மாவுக்கட்டில் பொதிந்துவிட்டு வருகிறவள்.

“அண்ணி, நீங்க சொன்ன வார்த்தைய நான் மாத்தச் சொல்லல. வாங்குங்க. ஆனா ஒண்ணு, என் ரூமுக்கு இவ பேஷண்டா வரக்கூடாது.”

“வரமாட்டா,” என்றாள் அத்தை. அந்த ஒரு சொல்லுக்காக அவள் பட்ட பாடுதான் மீதிக் கதை.

குதிரையைப் பற்றி அவளுக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. கால்நடை மருத்துவமனையில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அவள் வேனில்தான் வந்தார்கள். அவரிடம் போய், “சின்னதா, அழகா ஒரு குதிரக்குட்டி வேணும்” என்றாள்.

அவர் ஊசியைக் கொதிநீரில் போட்டுவிட்டுத் திரும்பினார். “குட்டியா? பாப்பாவுக்கு அஞ்சு வயசு, குதிரைக்கு ஒரு வயசு. ரெண்டுக்கும் ஒண்ணும் தெரியாது. யாரு யாருக்குச் சொல்லிக் குடுக்கறது? குட்டி கேக்காதீங்க, மட்டக்குதிரன்னு கேளுங்க. வளந்தாலும் அவ்ளோ உயரந்தான். அதுலயும் வயசான குதிரயா பாருங்க. பத்துப் பன்னெண்டு வருஷம் ஊரப் பாத்த குதிரயா இருக்கணும். எதப் பாத்தாலும், ‘அட, இதுதானா’ன்னு நிக்கணும்.”

“அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்?”

“நீங்க பழைய வேன் வாங்கினீங்கல்ல, எப்படி வாங்கினீங்க?”

அது அவளுக்குத் தெரியும். மூன்று பழைய வேன்களை வாங்கியவள். பத்து மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதரைக்குப் போய் நிற்பாள். முதலில் பானெட்டின் மேல் கையை வைப்பாள். சூடாக இருந்தால் போச்சு. காலையில் வண்டி கிளம்ப அடம்பிடித்திருக்கிறது, விற்கிறவன் முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். குளிர்ந்த வண்டியை அவளே கிளப்பிப் பார்த்தால்தான் பேச்சு.

முதல் மட்டக்குதிரை ஒரு செங்கல் சூளைக்காரருடையது. வெள்ளைவெளேரென்று, பிடரிமயிர் சீவிவிட்டாற்போல், காலண்டரில் போடலாம் போல இருந்தது. “பச்சக் கொழந்தம்மா. வாயில வெரல் வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது,” என்றார் சூளைக்காரர். அத்தை அரைமணி முன்னாலேயே போயிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் சவுக்கும் கையுமாகக் குதிரையை வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் நேராகப் போய் அதன் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். கொதித்தது. வியர்வையில் கை நனைந்துவிட்டது.

“எத்தன மணியிலேருந்து ஓட்டறீங்க?”

“சும்மா, ஒரு நடை...”

“நான் நாளைக்கு வரேன். அது தூங்கி எந்திரிச்சதும் எனக்குக் காட்டுங்க.”

மறுநாள் குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றார் சூளைக்காரர். அதற்கு மறுநாளும்.

இரண்டாவது, நகருக்கு வெளியே ஒரு பழத்தோட்டத்தில். இந்த முறை அத்தை ஓர் ஏற்பாட்டோடு போனாள். பொடிசை மளிகைக்கடைத் தராசில் நிற்கவைத்து எடை பார்த்தாள். பதினேழு கிலோ. அதே எடைக்கு ஒரு சாக்கில் மணல் நிரப்பித் தைத்தாள். சேணத்தோடு கட்ட இரண்டு வார் வைத்தாள். குழந்தை மேலே உட்கார்ந்தால் சட்டை காற்றில் படபடக்குமே என்று, பொடிசின் பழைய நீல மழைக்கோட்டை அந்தச் சாக்குக்குப் போட்டுப் பொத்தானும் மாட்டினாள்.

தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அக்கா, இதுக்கு ரெண்டு கண்ணு வரஞ்சுட்டா பொடிசுக்குப் பதிலா இதயே ஸ்கூலுக்கு அனுப்பிடலாம். அழவும் அழாது.”

தோட்டத்துக் குதிரை நல்ல குதிரைதான். மார்பு குளிர்ந்திருந்தது. காலைத் தூக்கினால் கொடுத்தது. காதைப் பிடித்து இழுத்தாள், வாலைப் பிடித்து இழுத்தாள், பின்னால் டிபன் டப்பாவைக் கீழே போட்டாள். எல்லாவற்றுக்கும் பொறுமை. கூட வந்திருந்த கம்பவுண்டர் பல்லைப் பார்த்து ஏழு வயது என்றார். சாக்கை ஏற்றிக் கட்டி, தோட்டக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு சுற்று நடத்தினார். சாக்கு ஒரு மகாராணி போல அசைந்து அசைந்து போனது. “முடிச்சுடலாம்க்கா,” என்றான் தம்பி.

மூன்றாவது சுற்றில் ஒரு காற்று வந்தது. பழக்கூடைகளின் மேல் மூடியிருந்த தார்ப்பாய் பட்டென்று ஒருமுறை எழும்பி விழுந்தது. அவ்வளவுதான். கயிறு தோட்டக்காரர் கையைக் கிழித்துக்கொண்டு போனது. வேலியோரமாக அந்தக் குதிரை பாய்ந்த பாய்ச்சலில் சாக்கு முதலில் ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு வயிற்றுக்குக் கீழே தொங்கியது, பிறகு கல் தூணில் மோதி வெடித்தது. மணல் ஒரு நீளக் கோடாகக் கொட்டிக்கொண்டே போனது.

குதிரை தோட்டக் கோடியில் போய் நின்று, ஒன்றும் நடக்காதது போலப் புல்லைக் கடித்தது. தம்பி நடந்து போய் அந்த மழைக்கோட்டை எடுத்தான். ஒரு கை கிழிந்திருந்தது. மணலை உதறினான். அதை மடித்தான். மடித்ததை மறுபடி பிரித்து மறுபடி மடித்தான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் சிரித்த அடையாளமே இல்லை.

“காத்து அடிச்சதுதாங்க,” என்றார் தோட்டக்காரர், கையைப் பிடித்துக்கொண்டே. “மத்தபடி தங்கமான குதிர.”

“காத்து அடிக்காத ஊரு ஒண்ணு இருந்தா சொல்லுங்க, வாங்கிக்கறேன்,” என்றாள் அத்தை.

வீட்டு வாசலில் பொடிசு நின்றுகொண்டிருந்தாள். வேனுக்குப் பின்னால் ஏதாவது வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

“அந்தக் குதிர நமக்கு வேணாம் பொடிசு. வேற பாக்கலாம்.”

“சரி அத்தை,” என்றாள் குழந்தை. மறுநாள் வேனில் அழாமல் உட்கார்ந்துகொண்டு முப்பத்தேழாவது கோட்டைப் போட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அத்தைக்கு.

“விட்டுடுக்கா. ஒரு சைக்கிள் வாங்கிக் குடுத்துடலாம்,” என்றான் தம்பி. மழைக்கோட்டு விஷயத்தை அவன் மனைவியிடம் சொல்லவேயில்லை. அத்தையும் அநேகமாக விட்டுவிட்டாள்.

அந்த வாரம்தான் அவளுடைய ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புகைப்படம் எடுக்கக் கடைவீதி ஸ்டூடியோவுக்குப் போனாள். விளக்கைப் போட்டு, பின்னால் சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிட்டு, போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

“மேடம், லென்ஸப் பாருங்க. செவுத்தப் பாக்காதீங்க.”

அவளால் சுவரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எதிர்ச்சுவர் முழுக்கக் குழந்தைகள். நூறு படம் இருக்கும். எல்லாக் குழந்தையும் ஒரு மட்டக்குதிரையின் மேல் உட்கார்ந்திருந்தது. பழுப்பு நிறம், நெற்றியில் காசு அளவு வெள்ளை. எல்லாப் படத்திலும் அதே குதிரை.

“இது எந்தக் குதிர?”

“கன்னம் அசையுது மேடம்.”

“அசையட்டும். எந்தக் குதிர இது?”

போட்டோக்காரர் துணியிலிருந்து தலையை எடுத்தார். “நம்ம ஸ்டூல்தான்.”

“ஸ்டூலா?”

“கொழந்தைங்கள உக்கார வெக்கறதால ஸ்டூல்னு கூப்பிட ஆரம்பிச்சோம். அதுவே பேராயிடுச்சு. பின்னாடி முத்தத்துல நிக்குது.”

அத்தை எழுந்து சுவரருகே போனாள். ஒரு படத்தில் ஒரு பையன் குதிரையின் இரண்டு காதையும் சைக்கிள் ஹேண்டில்பார் போலப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தான். இன்னொன்றில் ஒருத்தி வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தாள். மற்றொன்றில் இரட்டையர் ஒருவர் முதுகில் ஒருவர் குத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் குதிரையின் தலையில் யாரோ தாத்தாவின் தொப்பியை மாட்டிவிட்டிருந்தார்கள். குதிரையின் முகம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே. வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கிற ஆளின் முகம். சில குழந்தைகளை அவளுக்கே அடையாளம் தெரிந்தது. இப்போது மீசை முளைத்துக் கல்லூரிக்குப் போகிறவர்கள்.

“எத்தன வருஷம்?”

“பதினாலு. ஒரு கொழந்தயக்கூடக் கீழ விட்டதில்ல. ஃப்ளாஷ் அடிச்சா கொழந்தைங்க மெரளும், இது இமைக்கக்கூட இமைக்காது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கலர் பிரிண்ட் மெஷின் ஒண்ணு வருது மேடம். யாவாரம் பெருசாயிட்டுது, எடம் பத்தல. கொட்டகையப் பிரிச்சுக் கட்டணும். எங்கண்ணன் வீட்டுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். அவரு வண்டில கட்டி மூட்ட இழுக்க வெச்சுடுவாரோன்னுதான் மனசு கேக்கல.”

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அத்தை ஸ்டூடியோவின் பின்வாசலில் நின்றாள். சொல்லாமல் வந்தாள். தம்பியும் கம்பவுண்டரும் கூட. புதிதாகத் தைத்த மணல் சாக்கும் கூட. ஸ்டூல் நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தது. மார்பில் கை வைத்தாள். குளிர்ந்திருந்தது. டிபன் டப்பாவைப் போட்டாள். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, மூடிக்கொண்டது. குடையை முகத்துக்கு எதிரே படாரென்று விரித்தாள். தம்பி தார்ப்பாயை உதறினான். அவன்தான் வீட்டிலிருந்து அதை மறக்காமல் எடுத்து வந்திருந்தான். கடைசியாக அத்தை வேனுக்குப் போய், குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று அடித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஸ்டூல் ஒரு காதைத் திருப்பியது.

கம்பவுண்டர் பல்லைப் பார்த்தார். “பதினெட்டு. பல்லு தேஞ்சிருக்கு, கால் நல்லா இருக்கு.”

சாக்கை ஏற்றிக் கட்டினார்கள். கயிற்றை இழுத்தார்கள். ஸ்டூல் நகரவில்லை. கம்பவுண்டர் பின்னாலிருந்து தள்ளினார். தம்பி முன்னாலிருந்து கேரட்டை நீட்டினான். கழுத்தை மட்டும் நீட்டிக் கேரட்டை வாங்கிக்கொண்டது; கால் நாலும் நட்டுவைத்த மாதிரி நின்றது.

“அது அப்படித்தான்,” என்றார் போட்டோக்காரர், சங்கடத்தோடு. “மேல ஆளு உக்காந்தா நிக்கணும். பதினாலு வருஷமா அதுக்கு அது ஒண்ணுதான் வேல.”

கம்பவுண்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “பிரேக் பிரமாதம்மா. கியர்தான் விழமாட்டேங்குது.”

“பிரேக் பிடிக்காத வண்டியத்தான் நான் வேணாம்னு சொல்லுவேன். கியர அப்பறம் பாத்துக்கலாம்,” என்றாள் அத்தை. ஆனாலும் அவள் முகம் வாடித்தான் இருந்தது. நிற்கிற குதிரையைப் பொடிசு எத்தனை நாள் குதிரை என்று ஒத்துக்கொள்வாள்?

பத்து நிமிஷம் போயிற்று. போட்டோக்காரருக்குக் கடை திறக்கும் நேரம். அலுத்துப்போய்க் கையைத் தட்டி, “ஆச்சு, விடுங்க மேடம்,” என்றார்.

ஸ்டூல் நடந்தது.

சாக்கைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், முற்றத்தின் குறுக்கே நிதானமாக நடந்து, அந்தப் பக்கத்து வேப்பமர நிழலில் போய் நின்றது.  போட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஒவ்வொரு படம் எடுத்த பிறகும், “ஆச்சு!” என்று சொல்லிக் குழந்தையை இறக்குவார். அதைக் கேட்டதும் ஸ்டூல் நிழலுக்குப் போய்விடும். பதினாலு வருஷமாக அந்தச் சொல் அதற்கு விடுதலை. மறுபடி அது நிற்க வேண்டுமானால்? அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மேலே இருந்த பொத்தானை அழுத்தினார். டிக். படம் எடுக்கும்போது கேமரா போடும் அதே சத்தம். அரை அடி எடுத்து வைத்த காலை ஸ்டூல் அப்படியே கீழே ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, நேராகப் பார்த்தது.

“கியரும் விழுந்துடுச்சு,” என்றான் தம்பி.

போட்டோக்காரர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை குழந்தையோடு அதைக் கூட்டி வந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டார். கயிற்றைக் கொடுக்கும்போது ஸ்டூலின் நெற்றியில் இருந்த வெள்ளையைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தார், லென்ஸைத் துடைக்கிற மாதிரி.

மூன்று வாரம் சாக்குதான் சவாரி செய்தது. வேனின் காலை நடைக்கு முன்னால், மாலை நடைக்குப் பின்னால், அத்தை கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாகக் கூட்டிப்போவாள். பொடிசு பக்கத்தில் நடந்து வரலாம், ஏறக்கூடாது. பொடிசு மறுபேச்சுப் பேசவில்லை. தம்பி இரண்டு படி வைத்த ஒரு மரப்பெட்டி செய்து வைத்தான், ஏறி இறங்க.

மூன்று வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா லீவு போட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றாள். பொடிசு இரண்டு படி ஏறி, சேணத்தில் உட்கார்ந்து, அம்மாவின் டிக்பேனா ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். தெரு கேட்கச் சொல்ல வேண்டிய சொல்லை, தூங்குகிறவர்களை எழுப்பிவிடக்கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னாள்.

“ஆச்சு.”

ஸ்டூல் நடந்தது. பொடிசின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று அத்தையைக் கேட்டால் பின்னாளில் சொல்லத் தெரியாது. அவள் குதிரையின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மாதான் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய், சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சநேரம் நின்றாள்.

அந்தச் சொல்லால் வீட்டில் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. “மணி எட்டாச்சு” என்று யாராவது கத்தினால் ஸ்டூல் கிளம்பிவிடும். “துணி காஞ்சாச்சா?” என்று பக்கத்து வீட்டம்மா மாடியிலிருந்து கேட்பார், ஸ்டூல் இரண்டு எட்டு வைத்து, கேள்வியா உத்தரவா என்று தெரியாமல் நிற்கும். முற்றத்தில் அந்தச் சொல்லே கூடாது என்று அத்தை சட்டம் போட்டாள். சாப்பாடு முடிந்தது, வேலை தீர்ந்தது, நேரம் எட்டு என்றுதான் எல்லோரும் பேச வேண்டும். தம்பிக்கு மட்டும் கடைசிவரை அது வரவேயில்லை. “ஆ...” என்று ஆரம்பித்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்வான்.

இரண்டு வருஷம் போனது. பொடிசுக்கு ஏழு வயது. தெருக்கோடி வரை ஸ்டூல்மேல் தனியாகப் போய்வர அத்தை அனுமதித்திருந்தாள். ஒரு நாள் மாலை, தெருக்கோடியில் இருந்த தன் பெரியம்மா வீட்டுக்கு ஒரு பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வரப் புறப்பட்டாள். அவள் போன கால்மணியில் வானம் கறுத்தது. மழை கொட்ட ஆரம்பித்தது. பிறகு மின்னல்.

அத்தை அப்போதுதான் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வந்திருந்தாள். ஷெட்டில் குதிரையும் இல்லை, குழந்தையும் இல்லை. வேனைத் திருப்பினாள். கண்ணாடித் துடைப்பான் ஆடிக்கொண்டேயிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. இடி விழுந்த ஒவ்வொரு முறையும் அவள் கண்ணுக்கு முன்னால் அந்தக் கல் தூண் வந்தது, நீள மணல் கோடு வந்தது. ஹாரனை அடிக்கலாமா என்று கை போனது. வேண்டாம், மிரண்டுவிட்டால் என்று எடுத்துக்கொண்டாள்.

வளைவில் திரும்பியதும் பார்த்தாள். எதிரே, தெரு நடுவில், ஸ்டூல் வந்துகொண்டிருந்தது. மேலே பொடிசு, தொப்பலாக நனைந்து, இரண்டு கையாலும் வாரைப் பிடித்துக்கொண்டு. பளீரென்று மின்னல் வெட்டியது. ஸ்டூல் நின்றது. கழுத்தை நிமிர்த்தி, வானத்துக்கு நேராக முகத்தைக் காட்டி, இமைக்காமல் நின்றது.

“ஆச்சு!” என்று பொடிசின் குரல் கேட்டது.

நாலு எட்டு நடந்தது. மறுபடி மின்னல். மறுபடி நின்றது, படத்துக்கு.

“ஆச்சு!”

அப்படியே, நின்று நின்று, அந்தத் தெருவின் நீளம் முழுக்க வந்தார்கள். அத்தை வேனை ஓரமாக நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, அவர்களைக் கடந்து போகவிட்டு, பிறகு பின்னாலேயே நடையின் வேகத்தில் ஊர்ந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாளா அழுதுகொண்டிருந்தாளா என்பது அவளுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பொடிசைத் துவட்டிக்கொண்டே, “பயந்துட்டியா?” என்று கேட்டாள்.

“இல்ல அத்தை. ஆனா வானம் ரொம்பப் படம் எடுக்குது.”

பொடிசுக்குப் பத்து வயது ஆனபோது, ஸ்டூல்மேல் உட்கார்ந்தால் கால் தரையைத் தொட ஆரம்பித்தது. எது கடைசிச் சவாரி என்று யாரும் குறித்துவைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை ஏறினாள், இறங்கினாள். அடுத்த வாரம் பரீட்சை. அதற்கடுத்த வாரம் சைக்கிள். அத்தைக்குப் பின்னாளில் இதுதான் உறுத்தியது. அது கடைசி என்று தெரிந்திருந்தால் ஷெட்டை விட்டு வெளியே வந்து நின்று பார்த்திருப்பாள்.

ஸ்டூல் அதற்குப் பிறகும் வேலை பார்த்தது. வேனில் வருகிற வீடுகளிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அத்தை குதிரையைப் பார்த்த மாதிரியே குழந்தைகளையும் பார்த்தாள்: காதை முறுக்குகிறதா, கால் தரையில் தட்டுகிறதா, நில் என்றால் நிற்கிறதா. மூன்று குழந்தைகள் தேறினார்கள். ஒருவரும் எலும்பு முறிவு அறைக்குப் போகவில்லை. முப்பத்தொரு வயதில், ஒரு குளிர்காலக் காலையில், ஸ்டூல் நிழலுக்குப் போய் நின்றது, பிறகு படுத்தது. கம்பவுண்டர் அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஆனாலும் வந்து, மண்டியிட்டு, கண்ணை மூடிவிட்டார். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த பொடிசுக்கு அத்தை போனில் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் தம்பி அக்காவுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அந்த மரப்பெட்டிப் படியில் உட்கார்ந்தான்.

“ஏன்க்கா, இத்தன வருஷத்துல நீ ஒரு தடவகூடக் குதிர ஏறிப் பாக்கலியே. ஆசையே இருந்ததில்லியா?”

“எழுபத்தஞ்சு கிலோ ஆசய அது தாங்கியிருக்குமா?” என்றாள். ஒரு வாய் குடித்தாள். பிறகு வெறும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டே, “கூட நடந்தேனேடா. பதிமூணு வருஷம். அது போதாதா?” என்றாள்.

 தேநீர் ஆறுகிறவரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.